புஸ்பத்துக்கு இல்லாத முழங்கால் நோவு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு முழங்கால் நோவிலிருந்து வந்தது. அந்த நோவு கதாநாயகிக்கு இல்லை, அதுதான் சிக்கல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வாவியின் மேல் பொன்னொளி பரவிய அம்மாலையில், புஸ்பம் கண்ணீர் மல்க...'

(விட்டுவிட்டேன். புஸ்பத்துக்கு அழ வராது.)

2.
புஸ்பம் என் பக்கத்து வீடு. மட்டக்களப்பு வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவள். ஒன்று அகப்பட்டால் போதும், "கண்டீரா ஆண்டவரே" என்று சிரிப்பாள். அதை அவள் ஜெபமென்று நினைத்ததே இல்லை. ஜெபமென்றால் புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து றெஜினா ரீச்சர் அழுதழுது செய்வது. தன் முறை வந்தால் புஸ்பம் 'ஆமென்' என்று மட்டும் சொல்லிப் பதினொரு வருடம் தப்பிவிட்டாள்.

இந்தப் புதன் கூட்டம் முதல் முறையாக அவள் வீட்டில். வீட்டுக்காரிதான் ஜெபத்தை நடத்த வேண்டும்.

"நீங்க எழுதுற ஆள், சொல்லுங்களன். அழாட்டி அது ஜெபமா? எனக்கு அவர நினைச்சாச் சிரிப்புத்தானே வருகுது. இந்த முறையும் வாய் திறக்கேலாட்டி, மறுகா நான் கூட்டத்துக்கு வரமாட்டன்."

(எழுதுகிற ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?)

3.
அவளே ஒரு வழி கண்டாள். ரீச்சரின் ஜெபத்தைப் போனில் பதிந்து, வரி விடாமல் பாடமாக்கினாள். புதனும் வந்தது. எல்லோரும் முழங்காலிட்டோம்.

"ஆண்டவரே, என்ட இடது முழங்கால் நோவ எடுத்துப்போடும்."

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"என்னத் தூர வாகரைப் பள்ளிக்கூடத்துக்கு இடம் மாத்தாமக் காத்தருளும்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் புஸ்பம். கூட்டம் கண்ணைத் திறந்தது. அவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

(இங்கே ரீச்சரைக் கோபப்பட வைத்து ஒரு பக்கம் எழுதினேன். கதைக்குச் சண்டை வேண்டுமே. கிழித்துவிட்டேன்.) ரீச்சரின் தோள் குலுங்கியது. வழக்கமான அழுகை என்றுதான் நினைத்தோம். மனுசி சிரித்துக்கொண்டிருந்தா.

"அது என்ட நோவு, புஸ்பம். உங்கட எதையாச்சும் சொல்லுங்ககா."

4.
"ஆண்டவரே, எனக்கு முழங்கால் நோவு இல்ல. அதுக்கு ஸ்தோத்திரம்."

சிரிப்பு வந்தது. அவள் அடக்கவில்லை.

"தண்ணிக்க நிக்கக்குள்ள இறால் வந்து கால்ல முட்டுது, அதுக்கும் ஸ்தோத்திரம். ரீச்சர்ட காலச் சுகமாக்கும். அவ வாகரைக்குப் போனா நாங்க ஆரப் பாத்து ஜெபிக்கிற? நான் தனியா நிண்டு கதைச்சதெல்லாம்..." வாவிப் பக்கம் திரும்பினாள். "அதெல்லாம் நீர் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீர்?"

பதினொரு வருடமாகத் தான் ஜெபித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும்தான். அவ்வளவு சந்தோசம் அந்த வீட்டில்.

5.
முடிவு ஒன்று: ரீச்சரின் இடமாற்றம் ரத்தாகிறது. (கடிதம் இன்னும் வரவில்லை.)

முடிவு இரண்டு: புஸ்பம் அழுகிறாள். (இல்லை. அழுதது நான்.)

அவள் இன்னும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நண்டுக்கு, மழைக்கு, பக்கத்து வீட்டில் எழுதுகிற ஆளுக்கு. கூட்டத்துக்குப் போட்ட தேத்தண்ணி ஆறிவிட்டது. யாராவது ஆமென் சொன்னால்தான் கதை முடியும். எனக்கு மனம் வரவில்லை. அவசரமென்றால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.