ஆறாவது சிப்பாயின் இடது கை

போர்க்காலத்தில் எடுத்த அந்தப் படத்தைப் பார்க்காத கண் கிடையாது. பனியனில் இருக்கிறது, தேநீர்க் கோப்பையில் இருக்கிறது. போரை நிறுத்தச் சொல்லி வந்த ஊர்வலத்திலிருந்து ஒருத்தி மட்டும் முன்னால் வந்து, சிப்பாய்களின் வரிசைக்கு நேரே செருப்பைத் தூக்கிக் காட்டுகிறாள். அவள் யார், என்ன ஆனாள், யாருக்கும் தெரியாது. ஐந்து சிப்பாய்கள் குறிபார்க்கிறார்கள். ஆறாவது ஆளின் துப்பாக்கி மட்டும் தரையைப் பார்க்கிறது. இரக்கமுள்ள சிப்பாய் என்று அவருக்கு ஊர் பெயர் வைத்துவிட்டது.

அருங்காட்சியகத்தில் பழைய படங்களை ஆராய்கிறவனுக்கு அந்தச் சிப்பாய் அத்தான். படத்தைப் பார்த்துத்தான் அக்கா கழுத்தை நீட்டினாள். பொன்னும் வேண்டாம் பொருளும் வேண்டாம், துப்பாக்கியைத் தாழ்த்திய கை போதும் என்றாள். அதைப் பற்றிக் கேட்டால் அத்தான் சிரிப்பார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

உலகம் பார்த்ததெல்லாம் நகலின் நகல். கண்காட்சிக்காக இப்போதுதான் அசல் நெகட்டிவ் கைக்கு வந்தது. அவன் அதைக் கணினியில் ஏற்றி, அத்தானின் தொடையோரம் கருத்துக் கிடந்த இடத்தை மெல்ல வெளுக்கவைத்தான். இடது கை தெரிந்தது. கையில் துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி. துப்பாக்கியின் அடிவயிற்றிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றது. காலடியில் சுட்டுத் தீர்ந்த தோட்டாக் கூடுகள்.

இரக்கமாவது மண்ணாங்கட்டியாவது. துப்பாக்கி தாழ்ந்தது மறுபடி தோட்டா போடத்தானோ?

திறப்பு விழாவுக்கு முன்னால் படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று அக்காவும் அத்தானும் அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்?

"என்ன மச்சான், என் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கினியா?"

"உங்க மூக்குக்குத் தனிச் சுவரே ஒதுக்கியாச்சு அத்தான்," என்று படத்தைச் சுருக்கினான்.

"ஏன்டா மூடுற? பெருசு பண்ணு," என்றாள் அக்கா.

பெரிதாக்கினான். அக்கா குனிந்து பார்த்தாள். "கையில என்ன அது?"

"தோட்டா," என்றார் அத்தான். சிரிப்பைக் காணோம்.

"போடுறீங்களா, எடுக்குறீங்களா?"

அத்தான் திரைப் பக்கம் திரும்பினார். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"படத்த வச்சு அதச் சொல்ல முடியாதுக்கா. ரெண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்ப இவருதான் சொல்லணும்." குரல் இறங்கியது. "எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன். இவனும் வாயத் திறக்கமாட்டான்."

அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"போட்டுட்டு இருந்தேன்."

கீழே வண்டியிலிருந்து கண்ணாடிச் சட்டங்களை இறக்கும் சத்தம் கேட்டது.

"போட்ட பிறகு?" என்றாள் அக்கா.

தம்பி நெகட்டிவை எடுத்து விளக்கில் பிடித்தான். அதற்கடுத்த படமே இல்லை. பிலிம் அதோடு தீர்ந்திருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க."