ஜன்னலம்மாவின் வீடு

“வீடு விற்பனைக்கு” என்ற பலகையைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், ஆட்கள் நிறைந்த பஸ்ஸை நட்டநடுத் தெருவில் நிறுத்தியதுதான். யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.

“என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மூச்சு நின்னுபோச்சு!”

நிற்காதா பின்னே? மாலை நான்கு மணி ட்ரிப்பில் தினமும் அந்த வளைவைத் தாண்டும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவள் பார்த்து ஏங்கிய வீடு அது. நகரம் வளர்ந்து வந்து முட்டுவதற்கு வெகுகாலம் முன்பே கட்டிய புறநகர். எல்லாம் செங்கல் முகப்பு. வாசல்தோறும் கட்டிய வருடத்தைப் பொறித்த கல். முகப்பில் ஓர் ஆணியைக்கூட மாற்றி அடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம். வளைவு வீட்டுக்கு மதில் உயரம். நடந்து போகிறவனுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவளுக்கோ முன்னறை முழுசும் தெரியும்: நெளிநெளியான பழங்காலக் கண்ணாடி போட்ட பெரிய ஜன்னல்கள், உள்ளே சாய்ந்து கிடக்கும் ஒரு பச்சை நாற்காலி. அதைப் பார்ப்பதற்காகவே வளைவில் வண்டியை ஊர்ந்து போக விடுவாள். அந்த இருபதடி தூரம்தான் அவளுக்கு அன்றன்றைய சம்பளம்.

வீட்டுக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை. கணவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். அவரும் பலகையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“வீடு யாருதுன்னு தெரியுமா? ஜன்னலம்மாவுது!”

ஜன்னலம்மா என்றால் டிப்போவே நடுங்கும். ஓய்வு பெற்ற பல் டாக்டர். “உங்க பஸ் போனா என் ஜன்னல் கடகடன்னு ஆடுது, இந்தக் கண்ணாடி உடைஞ்சா இனிமே செய்யறதுக்கு ஆளே கிடையாது” என்று வாரந்தவறாமல் போன் போட்டு டைம் கீப்பரின் உயிரை எடுப்பவர். அவர் இந்தத் தெருவில் எங்கேயோ இருக்கிறார் என்று தெரியும். இந்த வீட்டிலேயா இருந்து தொலைக்க வேண்டும்!

“நீ டிரைவர்னு மூச்சு விடாத. நான் பேசிக்கறேன். நீ சிரிச்சா போதும்” என்றார் வாத்தியார்.

“சிரிச்சா பல்லப் பாப்பாங்களே!”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் காலையிலேயே வந்து பார்த்து, இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். “சாயந்திரத்துக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும்” என்றார் டாக்டர். ஒல்லியான உடம்பு, பளீரென்ற நரைமுடி. வணக்கம் சொல்லும்போதே இருவர் வாயையும் ஒரு நோட்டம் விட்டார்.

சமையலறை, மரப்படிக்கட்டு, பின்னறைகள், கொல்லையில் இரண்டு நெல்லி மரம். அவளுக்குக் கண் இரண்டு போதவில்லை. வாத்தியார் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவள் வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள். மூடியிருந்த முன்னறைக் கதவுக்கு முன்னால் வந்ததும் கட்டு அவிழ்ந்துவிட்டது.

“அந்தப் பச்சை நாற்காலியையும் எடுத்துட்டுப் போயிடுவீங்களா டாக்டர்?”

டாக்டரின் கை கதவுப் பிடியிலேயே நின்றது. “உள்ள நாற்காலி இருக்கறது உனக்கெப்படித் தெரியும்? இந்த ரூமை நான் உங்களுக்கு இன்னும் காட்டலையே.”

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன் என்றால் திருடி, சும்மா சொன்னேன் என்றால் பொய்க்காரி. அவள் நிஜத்தையே சொன்னாள்.

“நான் பஸ் ஓட்டறேன் டாக்டர். சீட்டுல உக்காந்தா மதிலுக்கு மேல தெரியும்.”

“பஸ்ஸா!” டாக்டர் கதவைப் படாரென்று திறந்தார். “வா, வந்து பாரு, உங்க புண்ணியத்துல எத்தனை கண்ணாடி விரிசல் விட்டிருக்குன்னு!”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தூரத்தில் ஒரு பஸ் உறுமியது. ஜன்னல்கள் முதலில் முனகின, அப்புறம் கடகடவென்று ஆட ஆரம்பித்தன. வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவளுக்கு உள்ளே நடக்கும் இந்தக் கூத்தை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

“யோவ்! வளைவுல ரெண்டாவது கியருக்கு வாய்யா! கண்ணாடி போயிடும்!”

பஸ் பயந்துபோய் வேகத்தைக் குறைத்தது. டிரைவர் சீட்டிலிருந்து அவளோடு வேலை செய்கிற இளைஞன் தலையை நீட்டினான். “அக்கா! நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“வீடு வாங்கிட்டிருக்கேன், கெடுத்துடாத! மெதுவாப் போ!”

பஸ் பூனை போல நழுவியது. ஜன்னல் ஒன்றும் ஆடவில்லை. டாக்டர் ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன்னோடது எத்தனை மணி வண்டி?”

“சாயந்திரம் நாலு.”

“நாலு மணி வண்டிதான் பெரும்பாலும் ஓடறதே இல்லையே! நான் பின்னாடி ரூம்ல இருப்பேன், ஜன்னல் ஆடினாத்தான் பஸ் வந்ததே தெரியும். நாலு மணிக்கு வாரத்துல ஒரு நாள் ஆடினா அதிகம். அந்த ட்ரிப்பையே முழுங்கிடறாங்கன்னு நான்தான் புகார் கொடுத்தேன்.”

“அது நீங்கதானா!” வீடு, கணவர், டைல்ஸ் கடைக்காரர் எல்லாம் மறந்துபோயிற்று அவளுக்கு. “மேனேஜர் என்னை நிக்க வெச்சு, எங்கேம்மா போன, வண்டியை எங்க நிறுத்திட்டுத் தூங்கினன்னு கேட்டாரு! நான் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியும் நம்பல! ஓட்டாமயா இருந்தேன்? ஊர்ந்துல்ல போனேன்!”

வாத்தியார் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். டாக்டர் பச்சை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“என் ஜன்னலுக்காகவா அவ்வளவு மெதுவாப் போன?”

ஆமாம் சொல், ஆமாம் சொல் என்று வாத்தியார் கண்ணாலேயே மன்றாடினார்.

“இல்ல டாக்டர். ஆடற ஜன்னல் இந்த வீட்டோடதுன்னு எனக்கு எங்க தெரியும்? இந்த வீட்டை இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும், அவ்வளவுதான். தினமும் ஆசை தீராமத்தான் போவேன்.”

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாத்தியாரிடம் கையை நீட்டினார்.

“அந்தப் போனை எடுங்க. டைல்ஸ்காரருக்கு இல்லன்னு சொல்லிடறேன். நாற்காலி இங்கயே இருக்கட்டும்; அதைப் பாத்துத்தானே வந்திருக்கா.”

அவள் அங்கேயே, டாக்டர் முன்னாலேயே, வாத்தியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

குடிவந்து முதல் விடுமுறை நாள். பச்சை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நெளிநெளியாகத் தெரிந்த தன் தெருவை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நான்கு. அவளுக்குப் பதில் வந்தவன் வளைவில் சீறினான். ஜன்னல்கள் கடகடவென்று ஆடின. அவள் துள்ளி எழுந்து டிப்போவுக்குப் போன் போட்டாள்.

குறை முழுவதையும் கேட்ட டைம் கீப்பர் பெருமூச்சு விட்டார். “ஜன்னலம்மாவா? வீட்டை வித்துட்டுப் போயிட்டதா சொன்னாங்களே!”

“போயிட்டாங்க சார். நான்தான் இப்ப ஜன்னலம்மா” என்றாள் அவள்.