பக்கத்து இடம்

துணைத்தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். இனி இப்போதைக்கு விடமாட்டார் என்று நர்ஸுக்குத் தெரியும். மாதா கோயில் காரியங்களுக்கு யோசனை சொல்லும் பங்குப் பேரவையில் அவள் பெண்கள் பிரதிநிதி. அதாவது, டீ ஊற்றிக் கொடுக்க ஓர் ஆள். மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். கசங்காத சட்டையும் எதற்கும் ஆடத் தயாரான தலையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

தையற்காரியின் மகள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நர்ஸ்தான். இப்படிப் போனவர்களை அடக்கம் செய்யத் திருச்சபையே இப்போது தடை சொல்வதில்லை. பாதிரியாரான பங்குச்சாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதனால் வரும் பொல்லாப்பைத் தான் ஒருவரே சுமப்பானேன் என்று பேரவையைக் கூட்டிவிட்டார்.

“கல்லறையில வேண்டாம்னு சொல்லல,” என்றார் துணைத்தலைவர். “பின்னாடி மதில் ஓரமா வச்சிக்கலாம். நாளைக்கு நம்ம பிள்ளைங்க கேட்டா என்ன பதில் சொல்றது?”

மதிலோரம் என்பது குப்பை எரிக்கிற இடம். தலைகள் ஆடின.

“சாமி, இது நீங்க முடிவு பண்ற விஷயம். நாங்க சொல்றது வெறும் ஆலோசனைதான,” என்றாள் நர்ஸ்.

“எல்லாரும் ஒருமனமா சொன்னா நல்லதும்மா.” சாமி மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். தம்பியை வீட்டைவிட்டுத் துரத்தியவர் ஒருவர். பெண்டாட்டியின் கன்னத்து வீக்கத்துக்கு நர்ஸிடமே களிம்பு வாங்கிப்போனவர் இன்னொருவர். இவர்கள்தான் செத்தவளின் யோக்கியதையை நிறுக்கிறார்கள்.

“என் வீட்டுக்காரர் பக்கத்துல எனக்குன்னு ஒரு இடம் இருக்கு. அந்தப் பொண்ண அதுல வைங்க.”

“அப்போ உங்களுக்கு?”

“எனக்கென்ன, மதிலோரம் இருக்கே.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். சாமியின் முகம் மலர்ந்தது. துணைத்தலைவர் அதைப் பெருந்தன்மை என்று வர்ணித்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். கோயிலுக்குப் புது நாற்காலி வாங்குவதைப் பற்றி அடுத்த பேச்சு தொடங்கியது. நர்ஸ் எழுந்து வெளியே வந்தாள்.

படியில் தையற்காரி உட்கார்ந்திருந்தாள். “ஒத்துக்கிட்டாங்களாக்கா?”

“ம். நல்ல இடமாவே.”

“அவளுக்குத் தனியா இருந்தா பயம்கா.”

“தனியா எங்க இருக்கப்போறா? என் வீட்டுக்காரர் பக்கத்துலதான். மனுஷன் குறட்டை விடுவாரு, அத மட்டும் பொறுத்துக்கச் சொல்லு.”

தையற்காரி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நர்ஸ் அவளை இடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். உள்ளே, நாற்காலிக்கு நீலமா பச்சையா என்று குரல்கள் உயர்ந்துகொண்டிருந்தன.