கிளைவ் வீட்டு முகவரி

பிறந்தநாள் பரிசைப் பார்த்ததும் எதிர்வீட்டு நைரீயின் முகம் வெளிறிப்போனது. கிளைவ் அதைச் சந்தோஷத்தில் வந்த திகைப்பு என்றே நினைத்தார். வாழ்நாளெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர், ஒரு பெண்ணின் முகத்தைப் படிக்க அவருக்கு எங்கே தெரியும்? மடிக்கணினியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடட்டும் என்று சீஸ் ரோல் தட்டையும் நகர்த்தினார்.

பரிசு ஓர் இணையதளம். இந்தப் பக்கம் குளிர்காலமான ஆகஸ்டில் தாயை இழந்து நடுங்கும் ஆட்டுக்குட்டிகளுக்கு நைரீ கம்பளிச் சட்டை பின்னுவாள். பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, காசு வாங்காமல். கோர் என்ற அந்தச் சிற்றூரின் சுற்றுவட்டாரத்தில் அவள் சட்டை கிடைக்காத குட்டி பாவப்பட்ட குட்டி. அந்தப் பின்னல் முறையை எல்லோரும் கற்றுக்கொள்ளட்டுமே என்று, நூலகத்துப் பெண்ணை நச்சரித்து கிளைவ் கட்டிய தளம் அது. தளத்தின் பெயரை நைரீ பெயரிலேயே பதிவு செய்திருந்தார். முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், ஒன்று விடாமல். அவளுடைய சொத்து அவள் பெயரில்தானே இருக்க வேண்டும்.

"என் அட்ரஸையா போட்டீங்க?"

"பின்ன? உங்களோடதுதானே."

"அதை யார் வேணா பாக்கலாம், கிளைவ்."

தேடிக் காட்டினாள். பெயர், தெரு, எண், ஒரு வாரத்துக்கு முந்தைய பதிவுத் தேதி, எல்லாம் பளிச்சென்று கிடந்தன. முகவரியையும் எண்ணையும் வெளியே தெரியாமல் மறைக்கட்டுமா என்று பதிவு செய்யும்போது ஒரு கட்டம் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருந்தார். வாசலில் முட்டையையும் காசு டப்பாவையும் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போகிற ஊர் இது. காரிலேயே சாவியை விட்டுவிடுவார்கள். இங்கே ஒளிகிறவன் என்றால் திருடனாகத்தான் இருக்க வேண்டும். நைரீயைப் போய் அப்படிக் கேட்கிறதே என்று அந்தக் கட்டத்தின் மேல் அவருக்குக் கோபம்கூட வந்திருந்தது.

"என் புருஷன் மர்ரே," என்றாள் நைரீ. அவளுக்குப் புருஷன் இருந்ததே அவருக்கு அன்றுதான் தெரியும். "ஆக்லாந்துல கண்டுபிடிச்சான். ஹேமில்டனுக்கு ஓடினேன், அங்கயும் வந்துட்டான். என் பேரைத் தேடுறதுதான் அவனுக்குப் பொழப்பு. ஹேமில்டன்ல வந்தப்ப பண்ணினது இது." மடங்காத இடது மணிக்கட்டைக் காட்டினாள். அதை மூட்டுவலி என்று நினைத்து அவர் போன குளிர்காலத்தில் தைலம் வாங்கிக் கொடுத்திருந்தார். கிளைவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அப்போதே உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பினார். முகவரியும் எண்ணும் மறைந்தன.

"ஒரு வாரமா திறந்து கிடந்ததே," என்றாள் நைரீ. "நான் கிளம்பணும்." சீஸ் ரோலைத் தொடாமல் போய்விட்டாள்.

கிளைவ் கொஞ்ச நேரம் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். பிறகு தளத்தின் உரிமையாளர் பெயரை மாற்றினார். தன் பெயர், தன் முகவரி, தன் எண். அந்தக் கட்டத்தை மறுபடியும் காலியாக விட்டார். எதிர்வீட்டுக்கு நடந்தபோது நைரீ காரில் கம்பளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப அது என் சொத்து. மறைக்கல. உங்க பேரை முன்னாடியே பாத்திருந்தாலும், தப்பாப் பதிஞ்சதுன்னு நினைச்சு என் வீட்டுக்குத்தான் வருவான். கான்ஸ்டபிள்கிட்டயும் சொல்லிட்டேன்."

"வந்தா என்ன பண்ணுவீங்க? மாடிப்படி ஏறவே கைப்பிடி தேடுற ஆளு."

"அவனுக்கு டீ போட்டுக் குடுப்பேன். நான் போடுற டீயைக் குடிச்சா எவனும் மறுபடி வர மாட்டான்."

அவள் சிரித்துவிட்டு உடனே அழுதாள். வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன் என்றாள். மூட்டைகளை இறக்கவில்லை.

புதன்கிழமை மதியம் அவர் சமையலறையில் இருவரும் இருந்தபோது அவருடைய கைபேசி அடித்தது. புது எண்.

"ஆட்டுக்குட்டிச் சட்டை, நீங்கதான் பின்றீங்களா?" ஓர் ஆண் குரல்.

"நான்தான்."

"அப்படியா. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

கிளைவ் நைரீ பக்கம் திரும்பாமல் சொன்னார், "எங்கம்மா."

"நேர்ல வந்து பாக்கலாமா?"

"தாராளமா வாங்க. அட்ரஸ்தான் இருக்கே."

தொடர்பு அறுந்தது. நைரீ கோப்பையைக் கீழே வைக்காமல் கேட்டாள், "யாரு?"

"பேர் சொல்லல. பண்ணைக்காரனா இருக்கும்."

"எப்படிப் பேசினான்?"

"ரொம்ப மரியாதையா," என்றார் கிளைவ். பொய் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

நைரீ எழுந்து வெளியே போனாள். காரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போய்ப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இவள் போய்விட்டால் இந்த ஊரில் தனக்கு என்ன இருக்கிறது என்று முதல்முறையாக நேராகவே நினைத்தார்.

அவள் ஒரு கம்பளி மூட்டையோடு திரும்பி வந்தாள். அதற்குள் கையை விட்டுத் துழாவிப் பின்னல் ஊசிகளை எடுத்தாள்.

"வர்றவன் பின்னிக் காட்டுன்னு சொன்னா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மடங்காத கையை அவர் விரல்கள் மேல் வைத்து நூலைச் சுற்றிக் காட்டினாள். கண்ணி நழுவியது. இன்னொரு தடவை என்றாள். அதுவும் நழுவியது. வெளியே சாலையில் ஏதோ ஒரு வண்டி வேகம் குறைந்தது. இருவரும் நிமிரவில்லை. கிளைவ் நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த கண்ணியை ஊசியில் ஏற்றினார்.