கை கேட்ட கம்ப்யூட்டர்

போடி பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ராஜமணிக்குப் பழைய கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். மற்றவர்கள் நிலம் வாங்கிப் போட்டால், இவர் செத்துப்போன கம்ப்யூட்டர்களை வாங்கி மாடியில் அடுக்குவார். உப்பிப்போன கப்பாசிட்டரைப் பிடுங்கிவிட்டுப் புதிது வைப்பார். மஞ்சளடித்த பட்டன்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். உயிர் வந்ததும் டிஸ்க்கை நகலெடுத்து, லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு ஓட்டிப் பார்ப்பார். எமுலேட்டர் என்பது புது மிஷினைப் பழைய மிஷின் வேஷம் கட்ட வைக்கிற வித்தை.

"செத்தது பிழைக்குது, பிழைச்சது வேஷம் போடுது. வீட்டுக்கு ஒரு மிக்ஸி மட்டும் வரமாட்டேங்குது," என்பாள் மனைவி சுகிர்தம்.

அப்படித்தான் கோம்பைக்குப் போனார். மாட்டுத் தரகர் மலைச்சாமி காலமாகிப் பல வருஷம். அவர் மகன் முத்துராஜாவிடம், பள்ளிக்கூட ஏலத்தில் எடுத்த மிஷின் ஒன்று கிடந்தது. கீபோர்டும் பெட்டியும் ஒன்றாயிருக்கும் அந்தக்காலச் சாமான்.

"அண்ணாச்சி, நீங்க கேக்கிற விலைக்கு இதுல உள்ள பட்டன்தான் வரும்."

"பட்டன் போதும்ப்பா. பெட்டியில நீயே முறுக்குப் போட்டு வச்சுக்க."

இரண்டு தடவை காபி வந்துபோன பிறகு விலை படிந்தது. அதோடு விட்டால் அவர் பஜார்க்காரரா? கொசுறு கேட்டார். மிஷினிலிருந்து ஒயர் ஒன்று ஒரு மரப்பெட்டிக்குப் போயிருந்தது. கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மேலே ஒரு சிவப்புத் துண்டு.

"அதையும் சேத்துக் கட்டு."

முத்துராஜாவே துண்டோடு தூக்கி வண்டியில் வைத்தான். வியாபாரம் தெரிந்தவன் ஒரு பொருளைச் சும்மா தந்தால் வாங்குகிறவனுக்கு வயிறு கலங்க வேண்டும். ராஜமணிக்கோ வயிறு குளிர்ந்தது.

"என்னப்பா இது?"

"அப்பாவுக்கு வாதம் வந்து சந்தைக்குப் போகமுடியல. துண்டுக்குள்ள கை போட்டு விலை பேசாம அவுகளுக்குச் சோறு எறங்காது. பாலிடெக்னிக்ல படிச்சதை வச்சு ஒரு விளையாட்டுச் செஞ்சு கொடுத்தேன். கம்ப்யூட்டர் மாட்டைச் சொல்லும், அவுக விரலால விலை சொல்லுவாக." முத்துராஜா பெட்டியைப் பார்க்காமலே பேசினான். "அவுக போன அன்னைக்கும் கை இதுக்குள்ளதான். வெளிய எடுக்கத்தான் பாடாப் போச்சு."

ராஜமணிக்கு அந்தப் பாஷை தெரியும். மிளகும் ஏலக்காயும் கைமாறுகிற இடங்களில் பழகியது. துண்டுக்கடியில் இரண்டு கை. பிடிக்கிற விரல்களின் எண்ணிக்கைதான் விலை. உள்ளங்கையை அழுத்தினால் பேரம் முடிந்தது. முதலில் கையை உருவுகிறவனுக்குச் சந்தையில் மரியாதை கிடையாது.

வீட்டில் இறக்கும்போது நாய் ராணி மரப்பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, வாலைக் கவட்டுக்குள் செருகிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போய்ப் படுத்தது. புலியே வந்தாலும் முறைக்கிற செம்பட்டைக் கோம்பை நாய். ராஜமணி இலையில் விழுகிற கறியில் பாதி அதற்குத்தான்.

டிஸ்க்கை நகலெடுத்து எமுலேட்டரில் ஓட்டினார். மாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில் வந்தது: MAYILAI KAALAI. அதற்குக் கீழே KAI? என்று கேட்டு நின்றுவிட்டது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. எமுலேட்டர் மிஷின் வேஷம் கட்டும். கைக்கு எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து கறிச்சோறும் முடிந்த மத்தியானம். மாடியில் அசல் மிஷினைப் போட்டார். பெட்டிமேல் துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டார்.

அவருடைய சுட்டுவிரலை யாரோ பிடித்தார்கள்.

கையை உதறிக்கொண்டு பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். ஐந்து காலிங்பெல் சுவிட்ச். அமுக்கினால் அமுங்கும், அதுவாக எதையும் பிடிக்காது. ஸ்பிரிங் இறுகியிருக்கும் என்று எண்ணெய் விட்டு மூடினார். மறுபடி கையை விட்டார். திரையில் மயிலைக் காளை இல்லை.

SARAKKU: RANI.

மூன்று விரலைப் பிடித்தது அந்தக் கை. சில்லென்று, காய்ப்புக் காய்ச்சிய கை. கீழே ராணி ஊளையிட்டது.

உருவியிருக்கலாம். ஆனால் வாங்குகிறவனை விரட்ட அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், விலையை ஏற்றுவது. நான்கு விரலைப் பிடித்தார். சம்மதம் என்று தட்டியது. ஐந்தைப் பிடித்தார். அதற்கும் சம்மதம். இரட்டித்தார், அதற்கும்! விலைக்கு மறுக்காத ஆளை ராஜமணி வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"ஏங்க! இங்கன வந்து பாருங்க!" சுகிர்தம் படியேறி ஓடிவந்தாள். "ராணியை யாரோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி வாசலுக்குப் போகுதுங்க. நகம் தரையில கீறுது. ஆளே இல்ல!"

"விலை பேசிட்டிருக்கேன்டி, சத்தம் போடாத!"

அவள் திரையைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். துண்டுக்கடியில் ஒரு கைக்கு வேண்டியதைவிட மேடு பெரிதாக இருந்தது.

"ஏசப்பா..." என்று நெஞ்சில் கைவைத்தவளுக்குப் பயத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது. "என் நாயை விக்க நீங்க யாரு? எங்கண்ணன் எனக்குன்னு கொடுத்த குட்டி அது. அடுத்தவ சரக்குக்கு விலை பேசுறதுதான் உங்க பஜார் நாயமா?"

ராஜமணிக்குப் பொறி தட்டியது. உரிமையில்லாத சரக்குக்கு எந்தச் சந்தையிலும் பேரம் நிற்காது. திரையைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "சரக்கு என்னுது இல்ல!"

பிடி தளர்ந்தது. திரை வெறுமையானது. கீழே ராணி உடம்பை உதறுகிற சத்தமும், வாசற்படியைவிட்டு உள்ளே ஓடிவருகிற சத்தமும் கேட்டன.

"கையை எடுங்க இப்ப."

"எடுக்கிறேன், எடுக்கிறேன்."

அதற்குள் திரையில் எழுத்து ஊர்ந்தது. SARAKKU: RAJAMANI.

அந்தக் கை அவரைப் பிடித்து வைக்கவில்லை. எடுத்திருந்தால் வந்திருக்கும். அது அவருடைய சுண்டுவிரலை மட்டும் மெல்லத் தொட்டது.

ஒற்றை விரல். அதுவும் சுண்டுவிரல். அடிமாட்டுக்குக்கூட இரண்டில்தான் ஆரம்பிப்பார்கள்.

"பாத்தியாடி அநியாயத்தை? முப்பது வருஷம் பஜார்ல நின்னவன், நானு ஒத்தை விரலா?"

"ஐயோ, என்ன விலையா இருந்தா என்ன? எந்திரிங்க!" தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் கை முழங்கைவரை ஐஸாக இருந்தது.

ராஜமணி நான்கு விரலை அழுத்திப் பிடித்தார். அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு விரல் கூடியது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி, பெட்டியை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது.

"விடுடி," என்றார் ராஜமணி, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். அவர் முகத்தில் வியாபாரச் சிரிப்பு வந்திருந்தது. "படிஞ்சு வருது."