முள் இறங்கிய மூன்றாம் சுற்று

காருக்குள் கால் நீட்டிய வெல்டரம்மா, இருக்கை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அதை இருக்கை என்று சொல்வதே அதிகம். அரை நூற்றாண்டுக்கு முன், கடைக்கு வராமல் பந்தயத்துக்கென்றே நாலைந்து மட்டும் செய்து பார்த்த ப்ரோட்டோடைப் கார்களில் ஒன்று இந்தக் கார். அந்தக் கார்களுக்கும் இரண்டு இருக்கை இருந்தே ஆக வேண்டும் என்று அன்றைய விதி. செய்தவர்கள் ஓட்டுநருக்கு இடப்பக்கம் முறத்தளவு தகட்டை வளைத்துப் பொருத்தி, கணக்குக் காட்டிவிட்டார்கள். அதில் யாரும் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

இன்றைக்கு யாராவது உட்கார வேண்டியிருந்தது. காரின் எலும்புக்கூடு முழுக்க மெல்லிய அலுமினியக் குழாய். மொத்தமாக நிறுத்தாலும் அவள் எடை வராது. அதில் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குழாய்களுக்குள் காற்றை அடைத்து, ஓட்டுநருக்கு முன்னால் ஓர் அழுத்தமானியை வைத்திருந்தார்கள். முள் இறங்கினால் எங்கோ குழாய் விட்டுவிட்டது என்று பொருள். எட்டு மாதமாக அந்தக் கூட்டைச் சீர்செய்து, பதினேழு இணைப்புகளைப் பற்றவைத்தவள் அவள்தான். இன்றுதான் பந்தயத் தடத்தில் முதல் வேக ஓட்டம். ஓட்டுபவனுக்குச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. முள்ளைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

எஞ்சின் வேலை பார்த்த அவள் கணவர்தான் போவதாக இருந்தது. தொந்தி இடம் கொடுக்கவில்லை.

"நீதான் ஒல்லி. மூணே சுத்து, கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்றார்.

"கண்ணை மூடவா உள்ள உக்கார வைக்கிறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. பெல்ட்டை இறுக்கியபடி குனிந்து சொன்னார்: "முள் இப்ப மூணுல இருக்கு. ரெண்டுக்குக் கீழ போனா மெதுவா வந்துடணும். ஒண்ணுக்குக் கீழ போனா அங்கயே நிறுத்திடணும். அவன் கையைத் தட்டு, போதும்."

அவன் என்றது கணவரின் தம்பி. பழைய பந்தயக் கார்களைச் சோதித்து ஓட்டுவது அவன் தொழில். சின்ன உடம்பு, எல்லோருக்கும் சிட்டு.

"அண்ணி, பயமா?"

"உளறாம ரோட்டைப் பாரு."

காரின் சொந்தக்காரரான பல் டாக்டர் மதிலோரம் நின்று கையசைத்தார். கதவு மூடியது.

எஞ்சின் முதுகுக்குப் பின்னால் ஒரு தகட்டுக்கு அந்தப்பக்கம் அலறியது. சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. முதல் சுற்றில் முள் மூன்றில் நின்றது. அப்போதுதான் கவனித்தாள், தன் பாதங்கள் முன் சக்கரங்களுக்கும் முன்னால் இருந்தன. எதன்மீதாவது மோதினால் முதலில் போய்ச் சேருவது கால்தான். அதை நினைக்காமல் இருக்க முள்ளையே பார்த்தாள்.

இரண்டாம் சுற்றில் நேர்ச்சாலையில் பின்பக்கம் லேசாகத் தூக்கியது. இந்த வகைக் கார்கள் அன்றே அப்படித்தானாம். வேகம் ஏற ஏறத் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். சிட்டு ஸ்டியரிங்கைப் பூப்போலப் பிடித்துச் சமாளித்தான். முள் மூன்றிலேயே இருந்தது.

மூன்றாம் சுற்றின் முதல் வளைவில் அது இரண்டரைக்கு வந்தது.

கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். கார் அதிர்கிறது, முள்ளும் ஆடாதா? மறுபடி பார்த்தபோது இரண்டு. பதினேழு இணைப்புகளும் வரிசையாகக் கண்முன் ஓடின. எது? பின்சக்கரத்தைத் தாங்குவதா? அது விட்டால் சக்கரம் தனியாகப் போய்விடும்.

சிட்டுவின் இடக்கையைத் தட்டினாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மறுபடி பலமாகத் தட்டினாள். ஹெல்மெட்டுக்குள் அவன் கண் சிரித்தது. அண்ணிக்குப் பயம் என்று எடுத்துக்கொண்டான். நேர்ச்சாலை வர, இன்னும் அழுத்தினான்.

"முள்ளு! முள்ளைப் பாரு!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஒன்றரை. ஒன்று.

முன்பலகை நடுவில் எஞ்சினுக்கு மின்சாரம் தரும் சிவப்புச் சாவி இருந்தது. கை நீண்டது, ஆனால் எதிரே வளைவு. வளைவில் எஞ்சின் நின்றால் பின்பக்கம் சுழற்றிவிடும் என்று கணவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கையைச் சாவிமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த வளைவு முடிவதாகவே இல்லை. வீட்டில் மகள் பள்ளியிலிருந்து வந்திருப்பாள் என்ற நினைப்பு, கூப்பிடாமலே வந்து நின்றது.

கார் நேரானதும் சாவியைத் திருப்பினாள்.

சத்தம் அறுந்தது. பின்பக்கம் ஒருமுறை உலுக்கி அடங்கியது. காற்றின் இரைச்சல் மட்டும்.

"அண்ணி! பைத்தியமா பிடிச்சிருக்கு? ரெண்டு பேரும் செத்திருப்போம்!"

அவள் விரலால் காட்டினாள். அவன் பார்த்தான். முள் பூஜ்யத்தில் கிடந்தது.

பெடலிலிருந்து காலை எடுத்தான். பிரேக்கைக்கூட அழுத்தப் பயந்து, கார் தானாக ஓய்ந்து புல்லோரம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரமும் அவள் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் வண்டியில் வந்து சேர்ந்தபோது இருவரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்மெட்டின் வாரை அவளால் அவிழ்க்க முடியவில்லை. அவர்தான் கழற்றினார்.

பட்டறையில் குழாய்களுக்குக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினார்கள். வேறு யாராவது செய்த இடமாக இருக்கட்டும் என்று அவள் மனம் வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டது. பின்சக்கரத் தாங்கிக்குப் பக்கத்தில் நுரை பொங்கியது. அவளுடைய இணைப்பில் இல்லை. அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, பழைய குழாயில், பாதிச் சுற்றுக்கு முடி போல விரிசல்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "அம்பது வருஷப் பழைய உலோகம். உங்க வெல்டு நல்லாத்தானே இருக்கு?"

கணவரும் சிட்டுவும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் அதோடு முடிந்தது.

"இல்ல டாக்டர். நான் வச்ச சூடுதான் பக்கத்துக் குழாயைப் பலவீனமாக்கியிருக்கு. மீதி பதினாறுலயும் அப்படி இருக்கலாம். எல்லாத்தையும் வெட்டிப் புதுக் குழாய் போட்டுத்தான் ஆகணும். அதுவரைக்கும் யாரும் இதுல ஏறக் கூடாது."

டாக்டர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, வெட்டுங்க," என்றார். சிட்டு வாசலுக்குப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது கணவர் வேனை ஓட்டினார். பக்கத்து இருக்கையில் அவள் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் மெதுவா போங்களேன்."

"நாப்பதுலதானே போறேன்?"

"தெரியுது. இன்னும் மெதுவா."

அவர் காலைத் தளர்த்தினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.