ஆறு மைல் தென்மேற்கே ஒரு வகுப்பறை

சான் தேல்மோ ஊரில் கேப்டன் தியோடுலோ நடத்திவந்த மாலுமிப் பயிற்சி வகுப்பறை, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கரும்பலகை, மின்விசிறி, மாணவர்கள் சகிதம் கிளம்பிப்போய்க் கரைக்குத் தென்மேற்கே ஆறு மைலில் கடல்மேல் நின்றது. வாசற்படிகள் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டன. அன்று சந்தையில் நெத்திலி மலிவு, அதனால் ஜனங்கள் இதைச் சாயங்காலம்தான் கவனித்தார்கள்.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. கரையோ நட்சத்திரமோ கண்ணில் படாதபோது, போன வேகம், திசை, நேரம் இவற்றை மட்டும் வைத்துப் பாய்மரப் படகு எங்கே இருக்கிறது என்று கணிக்கிற பயிற்சிக் கணக்கு பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. படகு சான் தேல்மோ துறையிலிருந்து கிளம்பிச் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. நீரோட்டம் இல்லையென்றால் துறைக்குத் தென்மேற்கே மூன்று மைலில் நின்றுபோகும். ஆனால் வடகிழக்கு நீரோட்டம் மூன்று மைல் தள்ளுகிறது. அப்படியானால் படகு எங்கே? துறையில்தான், வேறெங்கே! காற்றுக்கு அது வரும் திசையைப் பெயராக வைப்பார்கள், நீரோட்டத்துக்கு அது போகும் திசையை. முதல் வாரப் பாடம் இது. முப்பது வருஷம் கப்பலோட்டியதாகப் பீற்றிக்கொண்ட அந்த மகானுபாவர் நீரோட்டத்தையும் காற்றாக நினைத்து, படகை இன்னும் தென்மேற்கே தள்ளி, விடைக்கு அடியில் இரண்டு கோடும் இழுத்தார். விடை எங்கேயோ அங்கே வகுப்பறையும் போய்ச் சேர்ந்தது.

"சார், நீரோட்டத்த தலைகீழா போட்டுட்டீங்க போல" என்று குயிரினோ என்ற மாணவன் எழுந்து சொன்னான்.

"நான் மூணு சமுத்திரம் பாத்தவன்டா. நீ பாத்ததெல்லாம் குளியல் தொட்டி. உக்காரு!"

அவன் உட்கார்ந்து தன் காகிதத்தில் திருத்திக்கொண்டான். அடுத்த நிமிஷம் நாற்காலியோடு துறைமேடையில் இருந்தான், செருப்புகூட நனையவில்லை. மற்றவர்கள் அவன் விட்டுப்போன காகிதத்தைப் பார்த்துக் காப்பியடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். கேப்டன் மட்டும் அங்கேயே மிச்சம்.

மகள் எஸ்ட்ரெலிதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் நுழைவேன் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்தவள் அவள். அம்மா வெனான்சியா மீன்படகில் ஏறிப் போய்ப் பார்த்தாள். பலகையில் அந்த நீரோட்டக் கோட்டை மட்டும் அழித்துத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மனிதர் தொலைநோக்கியால் ஊரைப் பார்த்துவிட்டு, "கோயில்தான் தப்பான எடத்துல இருக்கு. யாரோ நகத்தியிருக்கானுங்க" என்றார். வெனான்சியாவின் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. படகுக்காரன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

கல்யாணத்தன்று காலையில் விசேஷங்களுக்கு அவர் போடும் பரோங் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போனாள். "ஏங்க, தப்புன்னு வாயால சொல்ல வேணாம். அழிச்சா போதும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், பாக்க மாட்டேன்" என்றாள். திரும்பியும் நின்றாள். சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், பழைய கணக்கு அப்படியே இருக்க, கீழே முத்து முத்தான எழுத்தில் 'திசைகாட்டியில் கோளாறு' என்று எழுதியிருந்தார். வகுப்பறை இன்னும் ஓர் அடி தென்மேற்கே நகர்ந்தது.

"திசைகாட்டி நல்லாத்தான்யா இருக்கு. உன் மண்டைதான் மக்கர்!" என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு படகில் ஏறினாள். எஸ்ட்ரெலிதாவை அவளே கைபிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனாள். கடலைப் பார்த்த கதவைச் சாத்தச் சொன்னது மகள்தான்.

வருஷங்கள் ஓடிவிட்டன. "கேப்டனுக்குத் தெற்க வலை போட்டேன், நல்ல மீன்பாடு" என்று மீனவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். கடல் வரைபடத்திலும் ஒரு புள்ளி வைத்து, ஒதுங்கிப் போகவும் என்று அச்சடித்துவிட்டார்கள். பேரப் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் அந்தப் புள்ளிதான். வெனான்சியா ஞாயிறுதோறும் தூக்குச்சட்டியில் சோறும் கருவாடும் அனுப்புகிறாள், கூடவே ஒரு டஸ்டரும். தூக்குச்சட்டி வழித்துத் துடைத்தாற்போல் காலியாக வருகிறது. டஸ்டர் ஒரு பொட்டுத் தூள் ஒட்டாமல் புதுசாகவே வருகிறது. அடுத்த ஞாயிறும் அதையே வைத்து அனுப்புகிறாள்.